சி.பி.என். என்ற கஞ்சாப் பொருள் கலந்த கம்மி மிட்டாய் நித்திரைக்கு உதவுமா? வார்ஃபரின் எடுக்கும் அம்மாவுக்காகக் கேட்கிறேன்

மாலதி, ரொறன்ரோ

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலைக்காகச் சில வருடங்களாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தை எடுத்து வருகிறார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் உண்டு. நித்திரைக்கென்று குடும்ப வைத்தியர் முன்பு எழுதித் தந்த சோபிக்குளோன் குளிசையை, இரவில் எழும்பும்போது விழுந்துவிடக்கூடும் என்று சொல்லி அவரே நிறுத்திவிட்டார். அதன் பின்னர், படுத்தவுடன் கண்ணயர்ந்துவிடுகின்ற அம்மா, நள்ளிரவுக்குப் பிறகு பல தடவை விழித்துக்கொள்கிறார். காலையில் களைத்துப்போய் இருக்கிறார். பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி வழிகிறார். பக்கத்து அறையில் படுக்கும் என் மகன், அம்மம்மாவின் குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்கிறது என்று முறைப்பாடு செய்வதும் வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் எங்கள் மச்சாள் ஒருவர், தான் பாவித்து நன்மை கண்டதாகச் சொல்லி, இங்கு சட்டப்படி விற்கப்படும் கம்மிப் பெட்டி ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஒரு கம்மியில் கன்னாபினால், அதாவது சி.பி.என்., 10 மில்லிகிராமும், கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. 2 மில்லிகிராமும் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. பற்றி ஓரளவு வாசித்திருக்கிறேன்; இந்தச் சி.பி.என். எனக்குப் புதிது. கடையில் கேட்டால் நித்திரைக்கென்றே உள்ள கன்னாபினாய்ட் (கஞ்சாவில் உள்ள வேதிப்பொருள் வகை) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நான் அறிய விரும்புவது இவைதான்: இது உடலில் என்ன செய்கிறது, நித்திரைக்கு உதவும் என்பதற்கு மனிதரில் நடத்திய ஆய்வு ஏதும் உண்டா, வார்ஃபரினோடு சேர்த்து எடுக்கலாமா. மார்கழியில் அம்மா சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் என் தங்கையிடம் போய், அங்கிருந்து சென்னைக்கும் போவதாக இருக்கிறார். இந்தப் பெட்டி அவருடைய கைப்பையில் போய்விடக்கூடாதே என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

கரிமம், சென்னை

வணக்கம், மாலதி. நான் கரிம வேதியியல் கற்பிப்பவன், மருத்துவர் அல்லன். எனவே வார்ஃபரின் பற்றிய கேள்வியை அத்துறையினருக்கு விட்டுவிட்டு, பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கன்னாபினாலைக் கஞ்சாச் செடி தானாக உருவாக்குவதில்லை என்றே சொல்லிவிடலாம். செடியில் உள்ள டி.எச்.சி. காற்று, வெளிச்சம், வெப்பம் ஆகியவற்றின் தாக்கத்தால் நாளடைவில் நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழக்கிறது; அப்போது அதன் வளையங்களில் ஒன்று பென்சீன் வளையமாக மாறிக் கிடைப்பதே கன்னாபினால். டி.எச்.சி.யின் மூலக்கூறு வாய்பாடு சி21எச்30ஓ2, கன்னாபினாலினுடையது சி21எச்26ஓ2. பறித்த அன்றைய பூவில் மிகச் சொற்பமாகவும், பழைய சரக்கில் கணிசமாகவும் இது இருப்பதற்குக் காரணம் இந்தச் சிதைவுதான். அறை வெப்பநிலையில் சேமித்த மாதிரிகளை ஆராய்ந்த ராஸ், எல்சோலி ஆகிய இருவரும் டி.எச்.சி.யின் அளவு ஓராண்டில் சராசரியாக 16.6 சதவீதமும், இரண்டாம் ஆண்டின் முடிவில் 26.8 சதவீதமும், நான்காம் ஆண்டின் முடிவில் 41.4 சதவீதமும் குறைந்திருந்ததைக் காட்டினார்கள். கைப்பற்றப்பட்ட சரக்கு எவ்வளவு காலம் கிடங்கில் கிடந்தது என்பதை, இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டு தோராயமாகக் கணிக்க முடிகிறது. கன்னாபினாலின் பயன்களில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது இதுவே என்று நான் சொன்னால் விற்பனையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கஞ்சாவிலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட கன்னாபினாய்ட் என்ற பெருமையும் இதற்கு உண்டு. 1896-இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகிய மூவர் இந்தியச் சணலின் பிசினான சரஸிலிருந்து சிவந்த எண்ணெய் ஒன்றை வடித்தெடுத்து அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே மார்ஷல் என்பவர் அதைத் தாமே உட்கொண்டு பார்த்துப் போதை ஏறியதாக லான்செட் இதழில் எழுதினார். அந்த எண்ணெயில் டி.எச்.சி.யும் கலந்திருந்தது என்பதை அன்று யாரும் அறிந்திருக்க வழியில்லை. ஆகவே, கஞ்சாவின் போதைக்குக் கன்னாபினாலே காரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1930-களில் கான் அதன் அமைப்பின் பெரும்பகுதியைக் கண்டறிந்தார். 1940-இல் அமெரிக்காவில் ஆடம்ஸும் இங்கிலாந்தில் டாடும் தனித்தனியே அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார்கள். தூய நிலையில் சோதித்தபோது போதை எதுவும் தென்படவில்லை. 1964-இல் காவோனியும் மெக்கூலமும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

இன்றைய தூக்கக் கதையும் கிட்டத்தட்ட அதே வகைக் குழப்பம்தான் என்பது என் கருத்து. பழைய கஞ்சாவைப் புகைத்தால் மந்தமும் உறக்கமும் மிகும் என்பது பயன்படுத்துவோரின் அனுபவம். பழைய கஞ்சாவில் கன்னாபினால் மிகுதி என்பது வேதியியல் உண்மை. இவ்விரண்டையும் இணைத்து, உறக்கத்தைத் தருவது கன்னாபினாலே என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாள்பட்ட சரக்கில், செடிக்கு மணம் தரும் பொருள்களில் எளிதில் ஆவியாகும் மோனோடெர்ப்பீன்கள் போய்விடுகின்றன, எளிதில் ஆவியாகாத செஸ்குவிடெர்ப்பீன்கள் தங்கிவிடுகின்றன, மீந்திருக்கும் டி.எச்.சி.யும் தன் வேலையைச் செய்கிறது. இவற்றை ஏன் காரணமாகக் கொள்ளக்கூடாது? இதற்கு மேல், 2.5 முதல் 5 மில்லிகிராம் கன்னாபினால் 5 முதல் 10 மில்லிகிராம் டயஸிபாம் என்ற அமைதியூட்டும் மருந்துக்கு ஈடானது என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று வெளியிட்ட கூற்று, அதற்குரிய தரவுகள் எந்த ஆய்விதழிலும் வெளிவராத நிலையிலேயே, வலைத்தளம் வலைத்தளமாகப் பரவிவிட்டது. கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

உடலில் அது என்ன செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மூளையில் உள்ள சி.பி.1 ஏற்பியுடன் (உயிரணு செய்தியைப் பெறும் புரதத்துடன்) டி.எச்.சி. இணையும் அதே இடத்தில் இதுவும் இணைகிறது. ஆனால் பற்றுதிறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் மிகுதியாக உள்ள சி.பி.2 ஏற்பியையும் ஓரளவு தூண்டுகிறது. ஆகவே, போதையே தராது என்று சிலர் விளம்பரப்படுத்துவது சற்று மிகை. சிறிய அளவில் உணரத்தக்க போதை இராது என்பதே பொருத்தம்.

நிலவேனில், மெல்பர்ன்

நான் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். மாலதி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: வார்ஃபரின் எடுக்கும் ஒருவர், தம்முடைய இரத்த உறைவைக் கண்காணிக்கும் மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்காமல் இந்தக் கம்மியைத் தொடங்கவே கூடாது. அம்மா ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இரத்தம் உறையப் பிடிக்கும் நேரத்தை அளக்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். ஈறில் இரத்தக் கசிவு, காரணமில்லாத கன்றிய தழும்பு, கறுத்த மலம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

காரணம் இதுதான். வார்ஃபரினில் கலந்துள்ள இரு வடிவங்களில் வீரியமிக்கதைக் கல்லீரலில் சிதைப்பது சி.ஒய்.பி.2சி9 என்ற நொதி. கன்னாபினாலைச் சிதைப்பதிலும் அதே நொதிக்குப் பெரும் பங்கு உண்டு. சோதனைக்குழாய் ஆய்வுகளில் டி.எச்.சி., சி.பி.டி., சி.பி.என். ஆகிய மூன்றுமே அந்த நொதியின் வேலையைத் தடுப்பது காணப்பட்டிருக்கிறது. நொதி தடுக்கப்பட்டால் வார்ஃபரின் இரத்தத்தில் தேங்கும், ஐ.என்.ஆர். உயரும், இரத்தப்போக்கு ஆபத்து கூடும். வலிப்புக்காகத் தூய சி.பி.டி. மருந்தைத் தொடங்கிய ஒரு நோயாளிக்கு ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போனதால் வார்ஃபரின் அளவைச் சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது என்று 2018-இல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்று உண்டு. அங்கே கொடுக்கப்பட்ட சி.பி.டி.யின் அளவு மிகப் பெரியது, கம்மியில் இருப்பது மிகச் சிறியது என்பது உண்மையே. ஆயினும், பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் இடையிலான இடைவெளி வார்ஃபரினில் மிகக் குறுகியது என்பதால், சிறிய அளவு என்ற ஆறுதலை மட்டும் நம்பி இறங்குவது முறையாகாது.

இரண்டாவது, அந்தக் கம்மியில் இருக்கும் 2 மில்லிகிராம் டி.எச்.சி. இளைஞர் ஒருவருக்கு இது பொருட்டாக இராது. கஞ்சாவைத் தொட்டே அறியாத 68 வயதுக்காரருக்குத் தலைசுற்றல், படபடப்பு, நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிதல், நள்ளிரவில் திசை தெரியாத குழப்பம் ஆகியவை ஏற்படக்கூடும். இதயத் துடிப்பு ஏற்கெனவே ஒழுங்கற்று இருப்பவருக்குப் படபடப்பு கூடுவது நல்லதன்று. வாய்வழி எடுப்பது வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். முழு வேகத்தை எட்ட நான்கு மணி நேரம்கூடப் பிடிக்கும். பத்து மணிக்கு எடுத்தது இரண்டு மணிக்கு உச்சத்தில் இருக்கும்போது, அந்த நேரத்தில்தானே உங்கள் அம்மா எழுந்து குளியலறைக்குப் போகிறார்? விழுந்துவிடுவார் என்று சோபிக்குளோனை நிறுத்திய மருத்துவர், இதையும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்பார் என்று நினைக்கிறேன்.

இனி ஆய்வுகள். 1975-இல் கார்னியோலும் அவருடைய குழுவினரும் ஐந்து ஆண்களுக்கு 50 மில்லிகிராம் கன்னாபினாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியே கொடுத்தபோது குறிப்பிடத்தக்க மனநிலை மாற்றம் எதுவும் இல்லை, டி.எச்.சி.யுடன் சேர்த்துக் கொடுத்தபோதுதான் மயக்கமும் தலைசுற்றலும் உறக்கக் கலக்கமும் மிகுந்தன. ஐந்தே பேர் பங்கேற்ற அந்த ஆய்வே அடுத்த பல பத்தாண்டுகளுக்கு விளம்பரங்களின் ஆதாரமாக இருந்தது. கவனித்துப் படித்தால் அது விளம்பரத்துக்கு எதிராகவே பேசுகிறது. கன்னாபினால் உறக்கத்தைத் தருகிறது என்பதற்கு வெளியான சான்றுகள் போதா என்றுதான் 2021-இல் வந்த மீளாய்வும் முடிவு கூறியது.

2022-இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு நிலைமையைச் சற்று மாற்றியது. உறக்கம் மோசம் என்று தாமே சொன்ன 18 முதல் 55 வயது வரையிலானோருக்கு ஏழு இரவுகள் வெற்று மருந்தோ 20 மில்லிகிராம் கன்னாபினாலோ, அதனுடன் 10, 20, 100 மில்லிகிராம் சி.பி.டி. சேர்த்தோ, எவர் எதை எடுக்கிறார் என்று இரு தரப்பாருக்கும் தெரியாத வகையில் கொடுத்தார்கள். 293 பேரின் தரவுகள் ஆராயப்பட்டன. கன்னாபினாலை மட்டும் எடுத்தவர்களிடம் இரவில் விழிக்கும் எண்ணிக்கையும் ஒட்டுமொத்த உறக்கக் குலைவும் ஓரளவு குறைந்தன. ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோலாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்த உறக்கத்தின் தரத்தில், புள்ளியியல் நோக்கில் ஏற்கத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. உறக்கம் வரப் பிடிக்கும் நேரம், விழித்தபின் விழித்தே கிடக்கும் நேரம், பகல்நேரக் களைப்பு ஆகியவற்றிலும் மாற்றம் இல்லை. சி.பி.டி.யைக் கூட்டியதால் கூடுதல் நன்மையும் விளையவில்லை. எல்லாமே பங்கேற்றவர்கள் தாமாக அளித்த மதிப்பெண்கள். எவருடைய மூளை அலையும் பதிவு செய்யப்படவில்லை. 68 வயதானவர் எவரும் அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மூளை அலையைப் பதிவு செய்த ஆய்வு எலிகளில் நடந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் ஆய்வுக் குழு 2024-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கன்னாபினால் எலிகளின் மொத்த உறக்க நேரத்தைக் கூட்டியது. கனவற்ற உறக்கத்தில் ஏற்பட்ட உயர்வு, சோல்பிடெம் என்ற தூக்க மருந்து தந்ததற்கு நிகராக இருந்தது. சுவையான செய்தி என்னவென்றால், கொடுத்தவுடன் முதலில் உறக்கம் குறைந்து, பின்னரே கூடியது. கன்னாபினாலைவிட அது கல்லீரலில் மாறிக் கிடைக்கும் 11-ஹைட்ராக்சி-சி.பி.என். என்ற பொருள் சி.பி.1 ஏற்பியை வலுவாகத் தூண்டுகிறது என்றும் கண்டார்கள். மனிதரில் இதைச் சோதிக்க, உறக்கமின்மை நோயுள்ள 20 பேரை உறக்க ஆய்வகத்தில் படுக்க வைக்கும்படி அதே நகரில் வகுத்த ஆய்வுத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த அளவுகள் 30, 300 மில்லிகிராம். உங்கள் பெட்டியில் இருப்பது 10.

குமரவேல், மிசிசாகா

மேலே சொல்லப்பட்டவற்றை மறுக்கும் அறிவு எனக்கில்லை. ஆயினும் ஆய்வு இல்லை என்பதாலேயே பலன் இல்லை என்று ஆகிவிடாது. என் மனைவி கன்னாபினால் எண்ணெயைப் பல மாதங்களாக எடுத்து வருகிறார். முன்பு போல இரவெல்லாம் புரண்டு கிடப்பதில்லை. அவர் எடுப்பதில் டி.எச்.சி. கிடையாது என்றே போத்தலில் எழுதியிருக்கிறது. பலர் இப்படிச் சொல்லும்போது அதை முற்றாக ஒதுக்குவது சரிதானா?

நிலவேனில், மெல்பர்ன்

ஒதுக்கவில்லை, ஐயா. உங்கள் மனைவிக்கு உறக்கம் சீரானது உண்மையே என்று கொள்கிறேன். அது கன்னாபினாலால்தான் சீரானது என்று கொள்ளத்தான் தயங்குகிறேன். உறக்கமின்மை தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் தொல்லை. மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அடுத்த வாரம் எதையும் எடுக்காமல் இருந்திருந்தாலும் சற்றுத் தேறியிருக்கும். உறக்கம் பற்றிய ஆய்வுகளில் வெற்று மருந்து எடுத்தவர்களும் கணிசமாகத் தேறுவது வழக்கமாகவே காணப்படுவதால், ஒப்பீடு இல்லாத அனுபவத்தைக் கொண்டு மருந்தை எடைபோட முடிவதில்லை. வேறு மருந்து எதுவும் எடுக்காத, உடல்நலமுள்ள, வாகனம் ஓட்டும் நேரத்தைத் தள்ளிவைக்கக்கூடிய நடுவயதினர் ஒருவர், நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு முயன்று பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன். இங்கே கேட்கப்பட்டிருப்பது அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி அன்று.

பரணி, சிங்கப்பூர்

பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் ஏ வகுப்புப் போதைப்பொருள்களின் பட்டியலில் கன்னாபினால் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. டி.எச்.சி. இல்லாத தூய கன்னாபினால்தானே என்ற வாதம் இங்கே செல்லாது. கஞ்சாக் கலவை எது என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறையே, டி.எச்.சி.யும் கன்னாபினாலும் எந்த அளவிலேனும் அடங்கிய தாவரப் பொருள் என்பதுதான். ஆகவே இந்நாட்டு ஆய்வுக்கூடங்கள் கஞ்சாவை உறுதிப்படுத்தும்போது கன்னாபினாலையும் வழக்கமாகத் தேடுகின்றன. கனடாவில் ரசீதுடன் வாங்கியது, மருத்துவர் அறிந்து எடுப்பது என்பவை கைப்பையில் இருப்பதை நியாயப்படுத்தமாட்டா. கனடாவின் சட்டப்படியும் கஞ்சாப் பொருள் எதையும் நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றம். லண்டன் வழியாகப் பயணச்சீட்டு எடுத்திருந்தால், பிரிட்டனிலும் கன்னாபினால் பி வகுப்பில் உள்ள தடைசெய்யப்பட்ட பொருள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. டி.எச்.சி.யின் சிதைவுப் பொருள் சிறுநீரில் சில நாள்கள் முதல், தொடர்ந்து எடுத்தவர்களிடம் சில வாரங்கள் வரை தங்கும். முதற்கட்டச் சிறுநீர்ப் பரிசோதனைகள் சில, கன்னாபினாலை மட்டும் எடுத்தவரையும் டி.எச்.சி. எடுத்தவராகக் காட்டிவிடக்கூடும். உங்கள் தங்கையின் நிலை இன்னும் கடுமையானது: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அது சிங்கப்பூரில் உட்கொண்டதற்குச் சமமான குற்றமாகவே கருதப்படும். அவர் ரொறன்ரோவுக்கு வரும்போது மச்சாள் அன்போடு ஒன்றை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையைப் பற்றிக் கரிமம் ஐயா சொல்லக்கூடும்.

மாலதி, ரொறன்ரோ

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மா இதுவரை இரண்டு இரவுகள் மட்டும் எடுத்திருக்கிறார். இன்று பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். குமரவேல் அண்ணா சொன்னது போல டி.எச்.சி. இல்லாதது என்று எழுதியிருந்தால் அதை நம்பலாமா? நித்திரை தவிர வேறு எதற்கேனும் இந்தப் பொருள் பயன்படக்கூடும் என்று ஆராய்கிறார்களா? அம்மாவுக்காக அல்ல, இவ்வளவு வாசித்த பிறகு எனக்கே அறியும் ஆவல் வந்துவிட்டது.

கரிமம், சென்னை

முதலில் இந்தியச் சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வேதிப்பெயரைவிடச் செடியின் பாகத்தை வைத்தே கஞ்சாவை வரையறுக்கிறது: பிசின், பூத்த அல்லது காய்த்த நுனிகள், இவற்றின் கலவை. விதையும், நுனியோடு சேராத இலையும் விலக்கு. ஆனால் கஞ்சாவிலிருந்து எடுத்த சாறும் டிஞ்சரும் (சாராயத்தில் கரைத்தெடுத்ததும்) தனியே அச்சட்டத்துக்குள் வருகின்றன. பூவின் சாற்றில் செய்த மிட்டாயைச் சென்னை விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க உங்கள் அம்மாவுக்கு என்ன தலையெழுத்து? வேண்டாம்.

அடுத்து, டி.எச்.சி. இல்லை என்ற சொல். சந்தையில் உள்ள கன்னாபினாலில் பெரும்பகுதி பழைய பூவிலிருந்து வடித்ததன்று, சி.பி.டி.யையோ டி.எச்.சி.யையோ ஆக்சிஜனேற்றம் செய்து ஆலையில் மாற்றியெடுத்தது. அயோடினைக் கொண்டு அந்த வளையத்தைப் பென்சீன் வளையமாக்குவது நன்கறிந்த முறை. சி.பி.டி.யிலிருந்து தொடங்கினால் வழியில் டி.எச்.சி. வகைகள் உருவாகியே கன்னாபினால் கிடைக்கிறது. வினை முற்றுப்பெறாமலோ தூய்மையாக்கல் சரியாக நடக்காமலோ போனால் அவை மிஞ்சும். கனடாவில் உரிமம் பெற்ற தயாரிப்புகளுக்குப் பரிசோதனை கட்டாயம் என்பதால் அங்குள்ள போத்தலை ஓரளவு நம்பலாம். இணையத்தில் தபாலில் வருவதற்கு, தொகுதி எண்ணுடன் கூடிய பகுப்பாய்வுச் சான்றிதழ் இல்லாவிட்டால் நான் மதிப்பு தரமாட்டேன்.

வேறு பயன்கள் என்று கேட்டீர்கள். உறக்கத்தைக் காட்டிலும் தோல் சார்ந்த ஆய்வுகள் எனக்கு நம்பிக்கையளிக்கின்றன. தொட்டாலே தோல் கொப்புளித்து உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவி நோய்க்காக, வான்கூவரைச் சேர்ந்த இன்மெட் என்ற நிறுவனம் கன்னாபினால் கலந்த களிம்பு ஒன்றை இரண்டாம் கட்ட ஆய்வு வரை கொண்டுசென்றது. கன்னாபினால் சேர்க்காத அதே களிம்பைவிட, விடாத அரிப்பைக் குறைப்பதில் இது மேம்பட்டதற்கான அறிகுறி தென்பட்டதாக அறிவித்தது. அறிகுறி என்ற சொல்லை மிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயே அரிது என்பதால் பங்கேற்றோரும் குறைவு. ஆனாலும் மேலே பூசுவதால் இரத்தத்தில் கலப்பது சொற்பம், கல்லீரல் நொதிகளோடு மோதலும் குறைவு என்ற வசதி இதில் உண்டு.

நரம்பு நோய்களில் நிலைமை இன்னும் ஆரம்பக் கட்டம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு 2005-இல் கன்னாபினாலைத் தொடர்ந்து செலுத்தியபோது நோயின் தொடக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது. வாழ்நாள் மட்டும் நீளவில்லை. சால்க் ஆய்வு நிறுவனத்தின் குழுவினர் 2022-இல், நரம்பணுக்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவு நிகழும்போது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை இது காக்கிறது என்று வளர்ப்புத் தட்டில் காட்டினார்கள். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியாக்களை எதிர்ப்பதில் முக்கியமான ஐந்து கன்னாபினாய்டுகளுமே வல்லவை என்று 2008-இல் அப்பெண்டினோ குழு கண்டது. இதுவும் தட்டில் நடந்ததுதான். பசியைப் பொறுத்தவரை, 2012-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொடுத்தபோது உணவு உட்கொள்வது கூடியது, சி.பி.டி. அதற்கு நேர்மாறாக உணவைக் குறைத்தது. உடல் மெலிய வேண்டும் என்று கன்னாபினாய்ட் கலவை வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தொல்லியலாளர்களுக்கும் இது உதவுகிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டி.எச்.சி. அழிந்தாலும் கன்னாபினால் நெடுங்காலம் நிலைத்திருக்கும் என்பதால், அது இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் டி.எச்.சி. இருந்தது என்று அறியலாம். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் யாங்ஹாய் இடுகாட்டில் சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியில் கிடைத்த 789 கிராம் கஞ்சாவை ஆராய்ந்து, அது போதைக்குரிய வகையே என்று 2008-இல் நிறுவியதற்கு இது ஒரு சான்று. பாமிர் மலைப்பகுதியில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்திய மரத் தூபக்கால்களில் கன்னாபினால் படிந்திருந்ததைக் கொண்டுதான், ஈமச் சடங்கில் கஞ்சாவைப் புகைத்தார்கள் என்று 2019-இல் எழுதினார்கள். பிரான்சின் ஐதா ஏரியின் அடிவண்டலில் கிடைத்த கன்னாபினாலோ, அங்கே நாருக்காகச் சணலை நீரில் ஊறவைத்த காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

நிலவேனில், மெல்பர்ன்

கன்னாபினாலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மாலதி, உங்கள் முதல் பதிவை மறுபடியும் படித்தேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், உயர் இரத்த அழுத்தம், சுவரைத் தாண்டும் குறட்டை, உறங்கத் தொடங்குவதில் சிரமமின்றிப் பின்னிரவில் மட்டும் பலமுறை விழிப்பு, பகலில் நாற்காலியிலேயே உறங்கிவிடுதல். இவை ஒருசேர இருக்கும்போது, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் அது மிகப் பரவலாகக் காணப்படுவதோடு, கண்டுகொள்ளாமல் விட்டால் இதயத் துடிப்பை மீண்டும் மீண்டும் குலைக்கவும் செய்கிறது. மூச்சு நின்று நின்று வருவதால் விழிப்பவரை மருந்தால் ஆழ்ந்து உறங்க வைப்பது ஆபத்தாகலாம். ஸ்லீப் ஆப்னியாவுக்குக் கஞ்சாப் பொருள்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018-லேயே அறிவித்திருக்கிறது.

திங்கட்கிழமை போகும்போது கம்மிப் பெட்டியையே கையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். எடுத்த இரண்டு இரவுகளின் தேதியையும் சொல்லுங்கள். உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்கள் மகனிடம், அம்மம்மாவின் குறட்டை இடையில் சட்டென்று நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா என்று விசாரித்து, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். ஆப்னியா இல்லை என்று தெரிந்தால், மருந்தின்றி எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதலில் முயலும்படி மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அது வார்ஃபரினோடு மோதாது.